பெரிய பாதம்

கேகாலையிலிருந்து ருவான்வெல்லை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கைக்குழந்தைகளோடு இரண்டு தாய்மார். இரண்டும் பிறவியிலேயே பாதம் உள்ளே திரும்பிய பிள்ளைகள். கிளினிக்கிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். மூத்தவளின் மகனுக்கு அன்றுதான் கடைசி மாவுக்கட்டை அவிழ்த்திருந்தார்கள். இளையவளின் மகளுக்குக் கட்டு இன்னும் இருந்தது.

“ஒங்க மகனுக்குப் பெரிய காலு, அக்கா. அதான் சீக்கிரம் நேராயிருச்சு,” என்றாள் இளையவள்.

“காலு பெருசுன்னா நேராயிருமா?”

“டாக்டர்தான் சொன்னாரு. எம்புள்ளைக்கு ரொம்பச் சின்னப் பாதமாம். கட்டு நிக்காம ரெண்டு தடவ நழுவிருச்சு.”

“நேராகும்னு சொன்னாருல்ல?”

“சொன்னாரு. கோவிச்சுக்காதீங்கக்கா, இன்னக்கி ஒங்க மகன் கால நீட்டுனப்ப எனக்குப் பாக்கவே புடிக்கல.”

மூத்தவள் பையனின் பாதத்தைச் சேலைத் தலைப்பால் மூடினாள். என்ன நினைத்தாளோ, தலைப்பை விலக்கி அவனை இளையவள் பக்கம் நகர்த்தினாள்.

“தொட்டுப் பாருங்க.”

இளையவள் அந்தப் பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி, குதிகாலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மூத்தவள் இறங்க வேண்டிய இடத்தில் பஸ் நின்றது. இளையவள் பாதத்தை விடவில்லை. அடுத்த ஹோல்ட்டில் இறங்கிக்கொள்கிறேன் என்று மூத்தவள் கண்டக்டரிடம் சிங்களத்தில் சொன்னாள்.