ஜட்கா எண் நானூற்றுப் பதினேழு

ஓடுகிறோம். தெற்கு மாட வீதி. மாலை நாலே கால் மணி. முப்பதாம் வருஷ உப்புச் சத்தியாக்கிரகக் கோடை. பின்னால் தடிகள் விழுகின்றன. எலும்பில் விழுந்தால் ஒரு சத்தம். சதையில் விழுந்தால் வேறு சத்தம். அன்றுதான் எனக்கு வித்தியாசம் தெரிந்தது.

"ஓடு, குதிரைப் போலீஸ் வருது!" யாரோ கத்துகிறார்கள்.

என் தோளில் தம்பி சுந்தரம். கல்லூரி மாணவன். ஊர்வலத்தில் கொடி பிடிக்கப் போனவன். நான் அவனை வீட்டுக்கு இழுத்து வரப் போனவன். அவன் இடது புருவம் பிளந்திருக்கிறது. கண்ணுக்குள் ரத்தம் இறங்குகிறது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் கண் பிழைக்கும். அது எனக்கே தெரிகிறது.

ஒரு ஜட்கா எதிரே வந்து நின்றது. மற்ற வண்டிகள் எப்போதோ பறந்துவிட்டன. வண்டிக்காரர் முஸ்லிம். நரைத்த தாடி, கிழிந்த பனியன்.

"ஏறு நைனா. ராயப்பேட்டை ஆஸ்பத்திரில உட்டுர்றேன்."

கூப்பிடாமல் வந்த வண்டி. அதுதான் என் சந்தேகம். நான் அப்போது வண்டி லைசென்ஸ் பிரிவில் குமாஸ்தா. தம்பியைச் சுவரில் சாய்த்தேன். வண்டியின் பின்பக்கம் போனேன். தகட்டில் இருந்த எண்ணை உரக்கப் படித்தேன். நானூற்றுப் பதினேழு. பிறகு வண்டிக்காரர்கள் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டிய லைசென்ஸ் வில்லையைக் காட்டச் சொன்னேன்.

"மண்டை ஒடைஞ்சி ரத்தம் ஊத்திக்கினு கீது. நீ இன்னாடான்னா நம்பர் பட்சிக்கினு கீறே."

வில்லை சட்டையில் இருந்தது. சட்டை வீட்டில் இருந்தது. விதிப்படி அது குற்றம். தடியடி நடக்கும் தெருவில் நின்று அதையும் அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

சந்து முனையில் ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். இப்போது எங்களிடம் வந்தார். கோட்டு, சரிகைத் தலைப்பாகை, கலையாத நாமம். ஊரே ஓடுகையில் அவர் நடந்து வந்தார். அதைக் கண்ணியம் என்று எடுத்துக்கொண்டேன். தடி தன்மேல் விழாது என்று நிச்சயமாகத் தெரிந்தவன்தான் அப்படி நடப்பான்.

"யாராத்துப் பிள்ளை?" என்றார்.

மயிலாப்பூரில் அந்தக் கேள்வி போதும். கேட்பவர் நம்மவர். தம்பியின் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு எண், கல்லூரி, வகுப்பு. விண்ணப்பம் நிரப்புவதுபோல் வரிசை தவறாமல் சொன்னேன். அவர் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். எதற்கு என்று கேட்கவில்லை. கையெழுத்து அழகாக இருந்தது.

"அந்த வண்டியெல்லாம் வேண்டாம். டாக்டர் நம்ம சிநேகிதர். இங்கேயே இருங்கோ, அழைச்சிண்டு வரேன்." போனார்.

"அந்தாளு சரியில்ல நைனா. ஏறு" என்றார் வண்டிக்காரர்.

நான் அவரைப் போகச் சொன்னேன்.

"நல்லாத்தான் பட்சிகீறே" என்று கடிவாளத்தை இழுத்தார். குளம்பொலி லஸ் பக்கம் தேய்ந்தது.

"அண்ணா, கண் தெரியலை" என்றான் சுந்தரம். டாக்டர் வருகிறார் என்றேன்.

நாற்பது நிமிஷம். தடியடி அதற்குள் வேறு தெருவுக்கு நகர்ந்துவிட்டது. பூட்ஸ் சத்தம். இரண்டு கான்ஸ்டபிள்கள். பின்னால் அவர், நோட்டோடு. டாக்டர் இல்லை.

தம்பியைக் கொண்டு போனார்கள். என்னை விட்டுவிட்டார்கள். நான் அரசாங்க ஊழியன், ஊர்வலத்தில் இல்லாதவன். அந்த வாக்குமூலத்தையும் பிழையில்லாமல் கொடுத்தேன். அவனுக்கு முதலில் லாக்கப். மறுநாள் காலைதான் ஆஸ்பத்திரி. நேற்றே கொண்டு வந்திருக்கலாமே என்றார் அங்கிருந்த டாக்டர்.

அடுத்த மாதம் என் மேஜைக்கு ஒரு கோப்பு வந்தது. கலகக்காரர்களுக்கு உதவ முயன்ற ஜட்கா, எண் நானூற்றுப் பதினேழு. வில்லை அணியாததும் குற்றம். லைசென்ஸ் ரத்து. எண்ணை உரக்கப் படித்தவன் யார் என்று கோப்பில் இல்லை. தாள்கள் முறையாக இருந்தன. சுருக்கொப்பம் இட்டேன்.

இழந்தவை இவை. சுந்தரத்தின் இடது கண். அவன் சிறையில் கழித்த ஆறு மாதம். கல்லூரியில் அவன் இடம். ஒரு வண்டி, ஒரு குதிரை, ஒரு மனிதரின் பிழைப்பு. அவர் பெயர் காசிம். கோப்பில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

என் பங்குக்கு, ஓடும்போது கழன்ற வலது கால் செருப்பு.