பலகை இருக்கிறது என்றேன்

உங்கள் காப்பி நன்றாக இருக்கிறது, ஷெரிஃப். என் மனைவி போட்டால் கசக்கும்.

ஆர்வில் நேப்பியருக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. அவன் பிடில் வாசிப்பான், நான் பாஞ்சோ மீட்டுவேன். கென்டக்கி மலையில் எங்கே நடன ஆட்டம் நடந்தாலும் எங்கள் இருவரைத்தான் கூப்பிடுவார்கள். அவன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடப்பான். கல், வேர், பள்ளம் எல்லாவற்றையும் நான் சொல்வேன். என் பேச்சுதான் அவனுக்குத் தரை.

என் மகள் வெஸ்டா தொண்டை அடைப்பான் வந்து இறந்தபோது ஒரு மெட்டு கட்டினேன். அவனுக்கு மட்டும்தான் கற்றுக்கொடுத்தேன். ஆட்டத்தில் வாசிக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன்.

"என் அம்மா மேல ஆணையா வாசிக்க மாட்டேன்டா, டெல்லு" என்றான்.

இந்த வசந்தத்தில் ரேடியோக்காரர்கள் அவனை மட்டும் காரில் சின்சினாட்டி நகரத்துக்கு அழைத்துப் போனார்கள். அவன் என்னிடம் சொல்லவில்லை. ஷெல்பியின் கடையில் உப்பு வாங்கிக்கொண்டிருந்தபோது ரேடியோவில் அந்த மெட்டு வந்தது. படு வேகமாக. 'கூண்டுக்குள்ளே குள்ளநரி' என்று பேர் சொன்னார்கள். கடையில் இருந்தவர்கள் காலைத் தட்டி ஆடினார்கள்.

"உன் கூட்டாளி பெரிய ஆளாயிட்டான்! உன்னை ஏன்யா கழட்டி விட்டான்?" என்று ஷெல்பி சிரித்தான்.

நானும் சிரித்தேன். உப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஆர்வில் திரும்பி வந்தான். வழக்கம்போல ஒரு கல்யாண ஆட்டத்துக்குக் கிளம்பினோம். மழையில் லாரல் ஓடை கரைபுரண்டு ஓடியது. தொங்கு பாலத்தின் நடுவில் இரண்டு பலகைகளை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. அதை முந்தின நாளே பார்த்துவைத்திருந்தேன்.

பாலத்துக்கு முன்னால் பிடிலை என்னிடம் கொடுக்கச் சொன்னேன். நல்ல பிடில், நனைந்தால் வீணாகிவிடும்.

நடுவில் வந்ததும் அவன் காலால் துழாவினான். "டெல்லு, இங்க பலகை இருக்காடா?"

"இருக்கு. வை."

அவன் தயங்கவே இல்லை.

அவன் சவ அடக்கத்தில் என்னை வாசிக்கச் சொன்னார்கள். அந்த மெட்டையே, அதற்குரிய நிதானத்தில் வாசித்தேன். எல்லாரும் அழுதார்கள். பிறகு அவன் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அது உங்க மெட்டு, பேரு வெஸ்டான்னுதான் இவரு சொன்னாராம். சிரிப்பா இருக்கணும்னு ரேடியோக்காரங்க பேரை மாத்திட்டாங்க. உங்க முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு சோறு தண்ணி இல்லாம கிடந்தாரு."

"அதை ஏன் அவ்வளவு வேகமா வாசிச்சான்?"

"மெதுவா வாசிச்சா அந்தப் புள்ள ஞாபகம் வந்து கை நடுங்குதுன்னாரு."

அவள் பொய் சொல்கிறவள் அல்ல. ஆனால் இதை அவனே என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். பாலத்தில் ஏறும்போது, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா" என்று ஆரம்பித்தான்தான். "முதல்ல அந்தக் கரைக்குப் போவோம், அப்புறம் சொல்லு" என்றேன்.

நான் அவனைத் தள்ளவில்லை, ஷெரிஃப். அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.