கழற்றியவரே மாட்ட வேண்டும்

டிராக்டரை நிழலில் நிறுத்தி வைத்ததற்கு நன்றி, சார். நிறையப் பேருக்கு இது தோன்றாது. வெயிலில் நின்றால் பெல்ட் வெடிப்பு விட்டுவிடும். எங்கள் மருத்துவமனையில் ஒரு பெல்ட் வாங்க நாலு கையெழுத்து வேண்டும். நாலாவது கையெழுத்துக்காரர் எப்போதும் விடுப்பில் இருப்பார்.

நான் எதையும் மறைக்கப் போவதில்லை. வரிசையாகச் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைத் தோட்டப் பிரிவின் மேற்பார்வையாளர் நான். பிரிவு என்றால் நானும் என் மச்சானும் மட்டும்தான். அவர் என் அக்காவின் கணவர், என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். டிராக்டர் ஓட்டுவது அவர், பதிவேட்டில் எழுதுவது நான். அக்கா வீட்டு மாடியறையில்தான் நான் குடியிருக்கிறேன். அதனால் காலையில் ஒரே ஸ்கூட்டரில் வருவோம், மாலையில் ஒரே ஸ்கூட்டரில் போவோம். வீட்டில் அவர் சொன்னதை நான் கேட்பேன். டிராக்டர் கொட்டகையில் நான் சொன்னதை அவர் கேட்பார். "மேலதிகாரி மாப்ளே" என்று கூப்பிடுவார். அதில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு நக்கல் என்று பதினாறு வருடத்தில் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

டிராக்டர் சின்னதுதான். அதன் வயிற்றுக்கு அடியில், முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் நடுவே, கவிழ்த்த அண்டா மாதிரி ஓர் இரும்புத் தட்டு தொங்கும். உள்ளே மூன்று கத்திகள் சுழலும். அதை டெக் என்போம். புல்லை வெட்டுவது அதுதான். மாதம் ஒருமுறை அதைக் கழற்றி, உள்ளே அப்பிக் காய்ந்த புல்லைச் சுரண்டி, கத்தியைத் தீட்டி, மறுபடி மாட்ட வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிட வேண்டும். டெக்கைத் தரைவரை இறக்கி, பெல்ட்டை உருவி, ஆறு பின்களைக் கழற்ற வேண்டும். முன்சக்கரத்தை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பிவிட்டு இழுத்தால் டெக் பக்கவாட்டில் வெளியே வந்துவிடும். மாட்டுவது இதற்கு நேர் எதிர். முதல் நாலு பின்களும் சுலபம். பின்பக்கத்து இரண்டும் உள்ளடங்கி இருக்கும். குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டால்தான் எட்டும்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் மச்சான் டெக்கைக் கழற்றி வைத்துவிட்டு, மகனின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள் என்று போய்விட்டார். நான் மாட்டினேன். ஒரு பின்னுக்கு மேல் போடவேண்டிய கிளிப்பை அவர் தன் சட்டைப் பையில் வைத்திருந்தார். அது எனக்குத் தெரியாது. நான் கிளிப் இல்லாமல் மாட்டியது அவருக்குத் தெரியாது. மறுநாள் பிரசவ வார்டுக்கு எதிரே ஓடிக்கொண்டிருக்கும்போது டெக் ஒரு பக்கம் சரிந்தது. கழன்ற பின்னைக் கத்தி அடித்து ஜன்னல் வழியாக உள்ளே அனுப்பியது. அது தலைமை நர்ஸின் மேசையில், பேனா வைக்கும் டம்ளருக்குள் போய் விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு குழந்தை அந்தச் சத்தத்தில் இரண்டு வாரம் முன்னதாகப் பிறந்துவிட்டது என்று சொன்னார்கள். அதை யாராலும் நிரூபிக்க முடியவில்லை.

விசாரணையில் நான் அவரைக் காட்டினேன், அவர் என்னைக் காட்டினார். மூன்று வாரம் வீட்டில் பேச்சு இல்லை. அக்கா நடுவில் உட்கார்ந்து, "உன் மச்சானுக்கு உப்பு வேணுமாம்", "உங்க மாப்ளைக்குத் தண்ணி வேணுமாம்" என்று பரிமாறினாள். நாலாவது வாரம் நான் கொட்டகைச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் எழுதினேன்: கழற்றியவரே மாட்ட வேண்டும். இடையில் ஆள் மாறக் கூடாது.

மச்சான் இடுப்பில் கை வைத்துப் படித்தார். "இதை எங்க கல்யாணப் பத்திரிகையிலேயே போட்டிருக்கலாமே மாப்ளே" என்றார். அன்று சாயங்காலம் மறுபடி ஒரே ஸ்கூட்டரில் போனோம்.

விதி வந்தபிறகு ஒரு தவறும் நடக்கவில்லை. பதிவேடு உங்களிடம் இருக்கிறது, புரட்டிப் பாருங்கள். போன வருடம் அவர் டெக்கைக் கழற்றிய அன்றே குடலிறக்கம் என்று அறுவைச் சிகிச்சை வார்டில் படுத்துவிட்டார். நான் கை வைக்கவில்லை. மூன்றாம் நாள் அவரைச் சக்கர நாற்காலியில் கொட்டகைக்குக் கூட்டிவந்தேன். சலைன் பாட்டிலை டிராக்டர் ஸ்டியரிங்கில் தொங்கவிட்டோம். நாற்பது நிமிடத்தில் ஆறு பின்களையும் மாட்டினார். தையல் இரண்டு பிரிந்தது. திரும்பப் போட்டுவிட்டார்கள். மருத்துவமனையிலேயே வேலை பார்ப்பதில் இப்படி ஒரு வசதி இருக்கிறது.

இனி இந்த வாரம்.

செவ்வாய்க்கிழமை காலை மச்சான் டெக்கைக் கழற்றினார். முடித்ததும் பெயிண்ட் டின் மேல் உட்கார்ந்து டீ கேட்டார். நான் கேன்டீனுக்குப் போய் இரண்டு டீ வாங்கிவந்தேன். அதற்குள் அவர் இறந்திருந்தார். பணி மருத்துவர் ஓடிவந்து பார்த்துவிட்டு மாரடைப்பு என்றார். அவர்கள் மச்சானைத் தூக்கிக்கொண்டு போனபிறகு கையில் இரண்டு டீ இருந்தது. இரண்டையும் நானே குடித்தேன்.

என் மருமகன், அக்காவின் மகன், தூரத்தில் வேலை பார்க்கிறான். அவன் வந்துசேர வியாழக்கிழமை ஆகும் என்பதால் மச்சானைப் பிணவறையில் வைத்தார்கள். வியாழன் மூன்று மணிக்கு வீட்டுக்கு எடுத்துப்போவது என்று முடிவாயிற்று.

நான் புதன்கிழமை வேலைக்குப் போனேன். கத்திகளைத் தீட்டினேன். டெக் தரையில் கிடந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வியாழன் மூன்று மணிக்குப் பிறகு, அந்த டெக்கை மாட்டும் தகுதியுள்ள ஆள் உலகத்தில் இருக்க மாட்டார்.

வேறு வழிகளையும் யோசித்தேன், சார். புது டெக் கேட்கலாம், ஆனால் கையெழுத்துகள். சுவரில் எழுதியதை அழித்துவிடலாம். ஆனால் ஏழு வருடம் மற்றவனை அதன்படி நடக்கச் சொல்லிவிட்டு, எனக்குக் கஷ்டம் வந்ததும் அழிப்பது நியாயமாகப் படவில்லை. மச்சான் என்ன நினைப்பார்?

அக்காவிடம் கேட்காமல் நான் எதுவும் செய்யவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதுங்கள். வியாழன் காலையில் பிணவறை வாசல் பெஞ்சில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, மச்சான் ஒரு வேலையைப் பாதியில விட்டுட்டுப் போயிருக்கார்."

"எல்லாத்தையும் பாதியிலதான்டா விட்டுட்டுப் போயிருக்கார்" என்றாள்.

"முடிச்சுக் கொடுத்துட்டா அவருக்கும் நிம்மதியா இருக்கும்ல."

"உன்னால முடிஞ்சதைச் செய்டா தம்பி" என்று என் தலையைத் தடவினாள். நான் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

பிணவறை ஊழியர் ஒரு மணிக்குச் சாப்பிடப் போவார். அந்த நேரம் மருமகனை அழைத்துவர எல்லாரும் ரயில் நிலையம் போயிருந்தார்கள். நான் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், மச்சானை ஏற்றித் துணியால் மூடினேன். ரசீது மாதிரி ஒரு சீட்டு எழுதி ஊழியரின் மேசையில் வைத்தேன்: டிராக்டர் ஓட்டுநர், ஒருவர், பணி நிமித்தம். திருட வந்தவன் சீட்டு எழுதி வைப்பானா, நீங்களே சொல்லுங்கள்.

மருந்து வாங்கும் வரிசை வழி விட்டது. எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நர்ஸ், "ஸ்கேனுக்கா?" என்று கேட்டாள். "இல்லம்மா, டியூட்டிக்கு" என்றேன். சரி என்று போய்விட்டாள். பின்வாசல் காவலாளி மட்டும் துணியை விலக்கிப் பார்த்தார்.

"அட, உங்க மச்சான்! போயிட்டார்னு சொன்னாங்களே?"

"ஆமாங்க. ஒரு சின்ன வேலை பாக்கி."

"உங்ககிட்ட மாட்டின மனுஷன் செத்தும் தப்ப முடியாது போல" என்றார். கதவைத் திறந்துவிட்டு, "சீக்கிரம் முடிச்சு அனுப்புங்க, வீட்ல தேடுவாங்க" என்றும் சொன்னார். அவரைத் தண்டிக்காதீர்கள். சலைன் பாட்டிலோடு வந்தபோதும் அவர்தான் கதவு திறந்தார். இந்த மாதிரி விஷயங்களில் அவருக்குப் பழக்கம் உண்டு.

கொட்டகையில் முதலில் அவர் கையை வெயிலில் கொஞ்ச நேரம் காயவைத்தேன். இரண்டு நாள் குளிரில் இருந்த கை. பிறகு சமதளம், பிரேக், சாவி. டெக்கை உள்ளே தள்ளும்போது அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் அதன் விளிம்பில் இருந்தன. பின்னை அவர் விரல்களுக்கு நடுவே வைத்து, குழந்தைக்கு எழுத்துப் பழக்குவது மாதிரி மேலே என் கையை வைத்து அழுத்தினேன். அழுத்தம் என்னுடையது, கை அவருடையது. விதியில் அழுத்தத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. பின்பக்கத்து இரண்டுக்கும் அவரைக் குப்புறப் படுக்கவைத்தேன். எப்போதையும்விடச் சுலபமாக எட்டியது. கிளிப்புகளை எண்ணிப் போட்டேன், ஆறு. பெல்ட்டை மாட்டினேன். பதிவேட்டில் எழுதினேன்: மாட்டியவர், கழற்றியவரே. இரண்டேகால் மணி.

அவரைப் பெயிண்ட் டின் மேல் உட்காரவைத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, டிராக்டரைக் கிளப்பி ஒரு சுற்று ஓட்டினேன். வெட்டு ஒரே சீராக விழுந்தது. டெக் ஒரு நூல் சாயவில்லை. திரும்பி வந்து, "பிரமாதம் மச்சான்" என்றேன். பொதுவாக நான் அப்படிப் பாராட்டுகிறவன் இல்லை.

அவரைக் கொண்டுபோய் விட வேண்டியதுதான் பாக்கி. அரை மணி நேரம் கையில் இருந்தது.

மூன்று இருபதுக்கு அக்காவும் மருமகனும் பிணவறை ஊழியரும் கொட்டகைக்கு ஓடிவந்தார்கள். ஊழியர் கையில் என் சீட்டு இருந்தது. "மாமா, அப்பாவை என்ன பண்ணினீங்க?" என்று மருமகன் கத்தினான். அக்கா கத்தவில்லை. மச்சானின் கிரீஸ் படிந்த கைகளையே பார்த்தாள். "கையைக்கூடக் கழுவி விடலையாடா?" என்றாள். அதை மட்டும் நான் செய்திருக்க வேண்டும்.

அவர்கள் பார்த்தபோது டெக் தரையில் கிடந்தது. அதைத்தான் காலையிலிருந்து கேட்கிறீர்கள். மாட்டுவதற்காகக் கொண்டுபோனாய், மாட்டியும் விட்டாய், பிறகு ஏன் அது கீழே கிடந்தது என்று.

மறுபடி கழற்றினோம், சார். கத்தியில் புல் ஒட்டியிருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சுற்று ஓட்டினால் புல் ஒட்டத்தான் செய்யும். சமதளம், பிரேக், சாவி. டெக்கை இறக்கி, பெல்ட்டை உருவினேன். அவர் கையால் முதல் பின், இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. அங்கே நிறுத்தினேன்.

செவ்வாய்க்கிழமையும் அவர் நாலாவதில்தான் நிறுத்தினார். இதை நீங்கள் கேட்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு, "மாப்ளே, என்னமோ பண்ணுது. பின்னாடி ரெண்டையும் நீ கழட்டிடேன்" என்றார். நான் சுவரைக் காட்டினேன். "சரிங்க மேலதிகாரி" என்று சிரித்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குப்புறப் படுத்தார். அந்த இரண்டு பின்களுக்கும் அவருக்கு இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. பதிவேட்டில் நேரம் எழுத வேண்டும் என்பதால் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார்.

வியாழக்கிழமை நாலாவது பின் கழன்றதும் அவரைத் தூக்கி டின் மேல் உட்காரவைத்தேன். "நீங்க உக்காருங்க மச்சான். மீதியை நான் பாத்துக்கறேன்" என்றேன். நானே குப்புறப் படுத்து, கையை விட்டு, கடைசி இரண்டையும் கழற்றினேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

அதுதான், சார், நான் செய்த குற்றம். இடையில் ஆள் மாறிவிட்டது. இரண்டு பின் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மற்றதெல்லாம் விதிப்படிதான் நடந்தது.