உதறல் நின்றுவிட்டது

காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். நானே போட்டது. என் மனைவி கல்லிடைக்குறிச்சியில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். எப்போது வருவாள் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பதில் பிடிக்காத கேள்விகளைக் கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை.

பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் என் கையெழுத்து வேண்டும் என்கிறீர்கள். மெர்வின் நிதானமாக ஓட்டுகிறவன், குடிக்காதவன் என்று எழுதியிருப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதற்குக் கீழே, பிரேக் பிடிக்காமல் கார் கட்டுப்பாட்டை இழந்து பள்ளத்தில் பாய்ந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். பத்திரிகைக்காரன் அப்படி எழுதலாம். அவனுக்கு உலகத்தில் எல்லா வண்டியும் கட்டுப்பாட்டைத்தான் இழக்கிறது. நீங்களும் அதையே எழுதினால் எப்படி? அந்தக் காரின் பிரேக் நன்றாக இருந்தது. போனது பிரேக் அல்ல. இடது முன்சக்கரத்தின் கீழ் பால் ஜாயிண்ட்.

எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். தப்பான காரணம் எழுத்தில் நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பாளையங்கோட்டையில் எல்லோருக்கும் நான் வைத்தியலிங்கம் சார்வாள். ஓய்வு பெறும்வரை பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்தினேன். அதனால் இந்தத் தெருவில் எந்த வண்டி இருமினாலும் என் வாசலுக்கு வந்துவிடும். கார் வைத்திருப்பவர்களை நான் மதிப்பதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்கண்ணாடியில் சாமி படமோ வேத வசனமோ ஒட்டுவார்கள், சீட்டுக்குப் புது உறை போடுவார்கள். தங்கள் உயிர் எந்த இரும்பில் தொங்குகிறது என்று ஒருநாளும் குனிந்து பார்க்கமாட்டார்கள். அடியில் சத்தம் கேட்டால் பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள். அந்தக் கூட்டத்திலும் மெர்வின் ஒரு தனி ரகம். கேட்பான், தலையாட்டுவான், பிறகு செல்போனில் எவனோ ஒருவன் சொல்வதைச் செய்வான்.

கார் அவன் அப்பா இஸ்ரவேல் விட்டுப்போனது. வயசான வண்டி. ரேடியேட்டர் குழாய் வெடித்திருக்கிறது, மாற்று என்றேன். வீடியோ பார்த்து ஏதோ டேப்பைச் சுற்றினான். களக்காட்டுக்குப் போகிற வழியில் கொதித்து நின்றது. நடுரோட்டில் நின்றுகொண்டு என்னைத்தான் போனில் கூப்பிட்டான். குரலில் வெட்கம்கூட இல்லை.

அவர்கள் சர்ச்சில் எல்லோருக்கும் சோறு போடும் அசனப் பண்டிகை வந்தது. என்னையும் அழைத்திருந்தார்கள், மரியாதைக்குப் போனேன். பந்தியில் யாரோ பழைய கார் வாங்குவது பற்றிப் பேச்செடுத்தார். மெர்வின் கையில் குழம்பு வாளியோடு நின்றபடி, "சார்வாள்ட்ட மட்டும் காட்டிராதிய. ஹாரனத் தவிர எல்லாத்தையும் மாத்தச் சொல்லுவாவ. பழைய சிலபஸ்லா" என்றான். பந்தி முழுக்கச் சிரித்தது. அவன் மனைவி கரோலின் மட்டும் சிரிக்காமல், என் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொன்னாள். நானும் சிரித்தேன். அது என்னைத் துளியும் பாதிக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அரைகுறைகள் காரணம் தேடும்போது முதலில் இந்த இடத்தில்தான் தோண்டுவார்கள்.

அதற்குப் பிறகுதான் ஸ்டியரிங் உதறத் தொடங்கியது. வழக்கம்போல என்னிடம் வந்தான். நானும் வழக்கம்போலப் போனேன். நாலுவழிச் சாலையில் நாங்குநேரிப் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தொட்டதும் ஸ்டியரிங் கைக்குள் குளிர்காய்ச்சல் கண்டதுபோல நடுங்கியது. அதைத் தாண்டினால் அடங்கியது. பிரேக்கை மிதித்துப் பார்த்தேன், நடுக்கம் கூடவில்லை, வண்டி நேராக நின்றது. ஆகவே பிரேக்கை இதில் இழுக்காதீர்கள். திரும்பும்போது ஒரு கிராமத்து ரோட்டில் விட்டேன். ஒவ்வொரு குழியிலும் இடது பக்கம் கீழேயிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். உதறல் ஒன்று, சத்தம் இன்னொன்று. இரண்டையும் பிரித்துக் கேட்கத் தெரியாதவன் கார் ஓட்டக் கூடாது.

வீட்டு வாசலில் ஜாக்கி போட்டுத் தூக்கினேன். சக்கரத்தின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் வைத்து அசைத்தேன். அசைந்தது. மெர்வினைப் பிரேக்கை அழுத்திக்கொண்டு உட்காரச் சொன்னேன். பேரிங் தேய்ந்திருந்தால் பிரேக்கை அழுத்தியதும் அந்த ஆட்டம் நின்றுவிடும். நிற்கவில்லை. பால் ஜாயிண்ட் என்பது நம் தோள்மூட்டு மாதிரிதான், குழிக்குள் ஓர் உருண்டை. சக்கரம் அதைப் பிடித்துத்தான் நிற்கிறது, அதில்தான் திரும்புகிறது. அங்கே ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் புகுந்து, உருண்டை துருவேறித் தேய்ந்து குழிக்குள் லொடலொடவென்று கிடந்தது. என் விரல் அதன்மேல் இருந்தது. மலைப்பாதையில் ஒரு வளைவும் ஒரு குழியும் போதும். ஆனால் இன்னும் ஒரு வருஷம் ஓடினாலும் ஓடும். அது யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது.

சொல்லத்தான் வாயெடுத்தேன். அவன் பிரேக்கில் காலை வைத்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமலே, "டயர் பேலன்சிங்தான, சார்வாள்? இங்கன வீடியோவுலயும் அதான் சொல்லுதான்" என்றான்.

நான் கையைத் துடைத்துக்கொண்டேன். "பண்ணிப் பாரு. உதறல் நிக்கும்" என்றேன்.

இது பொய்யில்லை. என் வாழ்க்கையில் நான் பொய் சொன்னதில்லை, பரீட்சை ஹாலில் பிடிபட்ட பையனின் அப்பா காலில் விழுந்தபோதுகூடச் சொன்னதில்லை. சக்கரத்தின் எடை ஒரு பக்கம் கூடியிருந்தால் சுற்றும்போது துள்ளும். மூட்டு இறுக்கமாக இருந்தால் அந்தத் துள்ளல் கைக்குத் தெரியாது. மூட்டு தேய்ந்திருந்தால் தெரியும். விளிம்பில் ஈயத் துண்டு வைத்து எடையைச் சரிசெய்தால் துள்ளல் நின்றுவிடும், உதறலும் நின்றுவிடும். தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியே இருக்கும். அந்தக் கார் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் பேசிக்கொண்டிருந்தது. அதன் வாயை மூட அவன் வழி கேட்டான், நான் சரியென்றேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில். முழு மதிப்பெண் போடலாம்.

மறுநாளே பேலன்ஸ் செய்துவிட்டு வந்தான். "வெண்ண மாதிரி போகுது, சார்வாள். இந்தத் தடவ நீங்க ஒண்ணையும் மாத்தச் சொல்லலியே, அதான் அதிசயம்" என்று சொல்லிச் சிரித்தான். 'டொக்' சத்தத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் அப்போதுகூடச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. பாட்டைக் கூட்டி வைத்திருப்பான்.

அந்த வாரக் கடைசியில் பாபநாசம் போவதாகச் சொன்னார்கள். மேலே காரையாறு அணைவரைக்கும் காரிலேயே போய்விட்டு, இறங்கும் வழியில் ஆற்றில் குளிப்பதாகத் திட்டம். கரோலின் என் மனைவியையும் கூப்பிட்டாள். அவளுக்கும் ஆசைதான், மாற்றுப் புடவைகூட எடுத்து வைத்துவிட்டாள். நான் வேண்டாம் என்றேன். தோசைக்கு மாவு அரைக்க வேண்டும் என்றேன். உண்மையிலேயே அரைக்க வேண்டியிருந்தது. வேண்டுமானால் அவளையே விசாரித்துக்கொள்ளுங்கள்.

காலையில் கிளம்பினார்கள். பின்சீட்டில் அவர்கள் மகள் கிறிஸ்டி, மடியில் நீச்சல் வளையம். மெர்வின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடி என்றால் நன்றாகத் துடைப்பான். கரோலின் மட்டும் எங்கள் வீட்டுக் கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, மலை ஏறி எறங்கணும். இந்த வண்டிய நம்பிப் போலாமா?"

அந்த வீட்டில் ஒழுங்காகக் கேள்வி கேட்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கேள்வி சரியாக இருந்தது. ஆனால் வண்டி அவள் பெயரில் இல்லை, ஜாக்கி போட்டபோது பக்கத்தில் நின்றவளும் அவள் இல்லை. அவளுக்குப் பதில் சொன்னால், புருஷன் சிரித்த சிரிப்பை நான் இன்னொரு தடவை கேட்க வேண்டியிருக்கும்.

"உதறல் நின்னுட்டுல்லா?" என்றேன்.

"அது நின்னுட்டு."

"அப்பச் சரி. போங்க."

அவள் சிரித்தாள். "என்ன மாமா, மொட்டையா போங்கன்னு சொல்லுதிய? போயிட்டு வாங்கன்னு சொல்லுங்க."

நான் இடது முன்சக்கரத்தைப் பார்த்தேன். புது ஈயத் துண்டு வெயிலில் பளபளத்தது. "நேரமாவுது. போங்க" என்றேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவி மாவுக் கையோடு ஓடி வந்து, "போயிட்டு வாங்கம்மா" என்று தெருவைப் பார்த்துச் சொன்னாள். அதற்குள் கார் தெருமுனையில் திரும்பிவிட்டது. நன்றாகத்தான் போனது, ஒரு நடுக்கம் இல்லை.

நேற்று உங்கள் ஸ்டேஷன் வாசலில் போட்டிருக்கும் வண்டியைப் போய்ப் பார்த்தேன். இடது முன்சக்கரம் உள்பக்கமாக மடங்கிக் கிடக்கிறது. உருண்டை குழியைவிட்டு வெளியே வந்திருக்கிறது. நான் சொன்ன அதே இடம். உங்கள் ஆள் ஒருவர் அதன்மேல் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார், ஒருதரமாவது குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மெர்வினுக்காகவும் கரோலினுக்காகவும் நான் வருத்தப்படவில்லை என்று நினைக்காதீர்கள். அந்தச் சின்னப் பெண் பெரிய ஆஸ்பத்திரியில் பிழைத்துக் கிடக்கிறாள், அது நல்ல விஷயம்.

ஆனால் இதில் என் பங்கு என்று ஒன்றும் இல்லை. அறிவுரை கேட்டான், கொடுத்தேன். இன்னும் ஒரு வருஷம் ஓடியிருக்கக்கூடிய மூட்டு. அன்றைக்கே போகும் என்று நான் எப்படிக் கண்டேன்? இதைத்தான் என் மனைவியிடமும் சொன்னேன். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அந்தப் பிள்ள வாய்விட்டுக் கேட்டும், வாங்கன்னு ஒரு வார்த்த ஏன் சொல்லல?"

அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். வரமாட்டார்கள் என்று தெரிந்தபிறகு 'வாங்க' என்று சொன்னால் அது பொய். நான் பொய் சொல்வதில்லை, இன்ஸ்பெக்டர்.