இறுக்கமான கதவு

ஒரு சொல் தப்பான இடத்தில் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், ஐயா.

தொழிலும் அதற்கேற்றாற்போல் அமைந்தது. வெளிநாட்டில் புதுச் சட்டம் வந்திருக்கிறது. சட்டை வாங்குகிற கம்பெனி, அதைத் தைத்தவர்களை எப்படி நடத்தினார்கள், சாயத் தண்ணீர் எங்கே போனது என்பதற்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும். பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தேற்றுவதுபோல், அந்தக் கேள்விகளுக்கு ஆலைகளைத் தேற்றிவிடுபவன் நான்.

என் தங்கையும் அப்படி நான் தேற்றிய ஓர் ஆலையில்தான் தைத்தாள். சட்டப்படி நான் அங்கே புகார்ப் பெட்டி மாட்டிய அன்று வீட்டில் கேட்டாள்.

"அண்ணே, இதுல போட்டா யாரு படிப்பா? எறும்பா?"

"நான்தான்."

"அப்ப சரி. எறும்புக்கு நீ தேவல."

மறு வாரம் பெட்டியில் ஒரே ஒரு சீட்டு. 'மூனாவது மாடிப் பின்கதவ வெளியில பூட்டுறாங்க. ஒன்னுன்னா எப்படி ஓடுறது?' பெயர் இல்லை. ஆனால் 'ண'வுக்கு ஒரு சுழி குறைத்து எழுதுகிறவள் எங்கள் வீட்டில் ஒருத்திதான். எத்தனை குட்டு வைத்தும் திருந்தாதவள்.

மேலாளரிடம் கேட்டேன்.

"பூட்டலேன்னா துணி தானா நடந்து வெளிய போயிடும் சார்" என்று சிரித்தார்.

'பூட்டு' என்ற சொல் அறிக்கையில் ஏறினால் ஆர்டர் நிற்கும். எண்ணூறு பேர் வயிற்றில் அடி விழும். தங்கையும் அதில் ஒருத்தி. அதனால் இப்படி எழுதினேன்: 'பின்கதவு இறுக்கமாக இருக்கிறது. எண்ணெய் இடப்பட்டது. சரிசெய்யப்பட்டது.'

எழுதியது பொய்யாகிவிடக் கூடாதல்லவா? நானே மூன்றாம் மாடி ஏறி, கீல்களுக்கு எண்ணெய் விட்டேன். பூட்டைத் தொடவில்லை.

அன்று சாப்பிடும்போது தங்கை கேட்டாள்.

"பெட்டியத் தொறந்தியா?"

"திறந்தேன். மேலே அனுப்பியாச்சு."

தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தாள். சாப்பிட்டேன்.

ஐந்தாவது வாரம், பட்டப்பகலில், இஸ்திரி மேசையில் தீப்பிடித்தது. பின்கதவுக்கு உள்பக்கம் பதினோரு பேர். அவளைக் காலணியை வைத்து அடையாளம் சொன்னேன். பூட்டை உடைத்ததும் கதவு சத்தமே இல்லாமல் திறந்துகொண்டது என்று தீயணைப்புக்காரர் ஆச்சரியப்பட்டார்.

அந்தச் சீட்டு இதோ. சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். ஆமாம், பூட்டு இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் மறைத்தேன்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தைப் படித்துவிட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறேன். நான்காவது வரியில் மட்டும் 'பூட்டிய கதவு' என்றிருக்கிறது. 'இறுக்கமான கதவு' என்று மாற்றினால் படிக்கிறவர்களுக்கு மனசு கொஞ்சம் ஆறும்.

அம்மாவிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.