குளத்தில் விழுந்த இன்ஸ்பெக்டர்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். அண்ணி, நாத்தனார் என்று பேச்சிலேயே தெரிந்தது. நாத்தனார் சொல்லித்தான் அண்ணி ஒரு லண்டன் துப்பறியும் காமெடி சீரியலைத் தமிழ் டப்பிங்கில் பார்த்திருக்கிறார்.

"எப்படி இருந்துச்சு அண்ணி? சிரிச்சீங்களா?"

"இன்ஸ்பெக்டர் சைக்கிளோட குளத்துல வுழுந்தப்போ புள்ளைங்க சிரிச்சுதுங்க. நான் அழுதுக்கினு இருந்தேன்."

"காமெடிக்கு யாராவது அழுவாங்களா?"

"அதுக்கு முன்னாடி அந்த இன்ஸ்பெக்டர், கொலையில செத்தவரு பொண்டாட்டி பக்கத்துல ஒக்காந்து, உங்க வூட்டுக்காரரு எப்படிப்பட்டவருன்னு கேக்கறாரு. உங்கண்ணன லாரி இடிச்சிட்டுப் போயி ஒரு வருஷம் ஆவுது. வண்டி நம்பர் தெரியுமான்னுதான் போலீஸ்ல எங்கிட்ட கேட்டாங்க. அவரப் பத்தி யாருமே கேக்கல."

நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் கேக்கறேன் அண்ணி. எங்கண்ணன் எப்படிப்பட்டவரு?"

"மல்லாட்டை உரிச்சா நல்ல கடலையெல்லாம் எனக்குக் குடுத்துட்டு, சொத்தைய அவரு தின்னுவாரு..."

திண்டிவனத்தில் இறங்கும்போதும் அண்ணி சொல்லி முடித்திருக்கவில்லை.