கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு ஹீட்டர்

பாம்பு வளர்ப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை ஐயா. அதற்கு ரொட்டி சுட வேண்டாம், துணி துவைக்க வேண்டாம், கால் பிடித்துவிட வேண்டாம். எப்போதாவது ஒரு எலி, கிண்ணத்தில் தண்ணீர், மற்றபடி சூடு. கண்ணாடிப் பெட்டியின் ஒரு மூலை முப்பத்திரண்டு டிகிரி, எதிர் மூலை இருபத்தாறு. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து நான் செய்த வேலைகளில், சரியாகச் செய்கிறேனா இல்லையா என்று எனக்கே தெரிந்த வேலை இது ஒன்றுதான். வெப்பமானியைப் பார்த்தால் போதும். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

தேநீரைக் குடியுங்கள், ஆறிவிடும். இப்போதுதான் கரண்ட் வந்துவிட்டதே, வேண்டுமென்றால் இன்னொரு கோப்பை போடுகிறேன்.

என் கணவர் தில்ஷோத் கல்யாணமான வருஷமே அதை எங்கள் தலைநகர் துஷான்பேயில் யாரிடமோ வாங்கி வந்தார். ஆப்பிரிக்கப் பக்கத்து மலைப்பாம்பு, கை பருமன், கறுப்பில் தேன் நிறத் திட்டுகள். கடிக்காது. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். மாமியார் சோஹிபா வாசலிலேயே நின்றுவிட்டார். "அந்தச் சனியன் இருக்குற ரூமுக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன்டா" என்று மகனிடம் சொன்னார். சொன்னபடியே கடைசிவரை வைக்கவும் இல்லை. அடுத்த வசந்தத்தில் தில்ஷோத் மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். பாம்பும் நானும் அத்தையும் மிஞ்சினோம்.

வாரம் தவறாமல் போன் வரும். நான் எடுத்ததும் அவர் கேட்கும் முதல் வார்த்தை, "எத்தனை டிகிரி?" நான் சொல்வேன். பிறகு போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்வார். எனக்கு அதில் வருத்தமில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். வருத்தம் இருந்தது. ஆனால் வருத்தத்துக்கும் பழகிவிடலாம், அதுதான் அதில் இருக்கும் ஒரே நல்ல விஷயம்.

அத்தைக்கு வாய் கொஞ்சம் நீளம். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தால், என் காதில் விழும்படி, "புள்ளதான் பெத்துக் குடுக்கல, பாம்பையாச்சும் ஒழுங்கா வளக்கட்டும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் பாதாம் தட்டை நடுவில் வைத்துவிட்டு வருவேன். புருஷன் ஊரில் இல்லாமல் பிள்ளை எங்கிருந்து வரும் என்று ஒருத்திகூடக் கேட்டதில்லை. ஒருமுறை கரண்ட் அடுப்பில் தண்ணீர் காய்ச்சுவதற்காகப் பாம்பின் சூட்டு விளக்கைச் சற்று நேரம் அணைத்தேன். அத்தை அதை மகனிடம் சொல்லிவிட்டார். அவர் போனில் கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். "அதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இங்க இருந்தே மூணு தடவை தலாக் சொல்லிடுவேன். பொட்டியைக் கட்டிக்கிட்டு உங்க அண்ணன் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்." அத்தையும் பக்கத்தில் இருந்து கேட்டார். "என் பையன் சொல்றதுதான் இந்த வீட்டுல சட்டம். தெரிஞ்சுக்கோ" என்றார்.

தெரிந்துகொண்டேன். என் அக்காவை அப்படித்தான் போனிலேயே தலாக் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கும் அண்ணன் வீட்டு மாட்டுக் கொட்டகைக்கு ஒட்டின அறையில்தான் படுக்கிறாள். சாப்பாட்டுக்கு அண்ணி கூப்பிட்டால்தான் வருவாள். எனக்கு இந்த வீட்டை விட்டால் அந்தக் கொட்டகைதான். இதை உங்கள் வாக்குமூலத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், முக்கியம்.

இலையுதிர் காலத்தில் அத்தை முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். வடக்கு அறையில் படுக்கை. தூக்கி உட்கார வைக்க, துடைக்க, எல்லாம் நான்தான். குறை சொல்லவில்லை, செய்தேன். பிறகு இந்தப் பனி வந்தது. கம்பிகள் அறுந்து கரண்ட் போயிற்று. நிலக்கரி லாரி மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. இருந்த கரியை அத்தையின் அடுப்பில் போட்டேன், கரி தீர்ந்ததும் வறட்டி. பாம்புப் பெட்டியை என் சீர்வரிசை மெத்தைகளால் சுற்றி, வெந்நீர் பாட்டில்களைச் சொருகினேன். அத்தை தனக்கு ஒரு பாட்டில் கேட்டார். கொடுத்தேன். நான் ஒன்றும் கல் நெஞ்சக்காரி இல்லை.

தில்ஷோத் போனில் தெரு முனையில் மாவு மில் வைத்திருக்கும் ராஜபைப் பிடித்தார். ராஜப் தன் சின்ன ஜெனரேட்டரைப் பனிச்சறுக்குப் பலகையில் இழுத்துக்கொண்டு வந்தான். ஒரு ஹீட்டர் மட்டும்தான் தாங்கும் என்றான். வடக்கு அறையிலிருந்து அத்தையின் குரல் கேட்டது. "பாத்தியா, என் பையன் எனக்கு மிஷின் அனுப்பிட்டான்."

"பாம்புக்கு அத்தை" என்றேன்.

"அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அத்தை. ராஜப் தரையைப் பார்த்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரெண்டு பேருமாத் தூக்கி அம்மாவ ஹீட்டர் பக்கம் படுக்க வச்சிடலாமா, தங்கச்சி?" என்று கேட்டான். "அவங்க பாம்புன்னா உசிர விட்டுருவாங்க அண்ணே" என்றேன். அவனுக்கும் அது தெரிந்ததுதான். சிரித்துவிட்டுப் போனான்.

மனுஷ உடம்பு தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் ஐயா. பாம்பால் அது முடியாது, வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். இதுவும் தில்ஷோத் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அதனால் மெத்தைகளையெல்லாம் அத்தைமேல் போட்டேன். வறட்டி இருந்தவரை தேநீரும் கொடுத்தேன். நான் பாம்பு அறையிலேயே படுத்துக்கொண்டேன், வெப்பமானியைப் பார்க்க ஆள் வேண்டுமே. அங்கே சால்வைகூடத் தேவைப்படவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நான் அவ்வளவு நன்றாகத் தூங்கியதே இல்லை.

அத்தை கூப்பிட்டார், கூப்பிடவில்லை என்று சொல்ல மாட்டேன். "அடியே, அந்த ஹீட்டர ஒரு பத்து நிமிஷம் இங்க கொண்டாயேன்" என்பார். நான் கதவோரம் நின்று, "அவர் சொல்றதுதானே அத்தை இந்த வீட்டுல சட்டம்" என்பேன். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் நாள் திட்டினார். மறுநாள் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அதனால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தேன். திறந்து வைத்தால் சூடு போய்விடும்.

கடைசி நாள் மத்தியானம் ஒரு கோப்பை வெந்நீரோடு போனேன், ஹீட்டர்மேல் வைத்துச் சூடாக்கியது. அத்தையின் நடுக்கம் நின்றிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"மவ்ஜூதா, உண்மையைச் சொல்லு. அது உசிரோடதான் இருக்கா? இந்தக் குளிர்ல செத்துத் தொலைஞ்சிருந்தா சொல்லிடு தாயி. என்னை இழுத்துட்டுப் போயி அங்க போட்டுடு. அவன்கிட்ட நான் பேசிக்கறேன். உம்மேல தப்பில்லன்னு நானே சொல்றேன். உன்னை யாரும் வெளிய அனுப்ப மாட்டாங்க, நான் இருக்கேன்."

கெஞ்சும்போதுகூட அத்தை தெளிவாகத்தான் பேசினார். நான் பயந்தது எதற்கோ, அந்தப் பயத்தை அப்படியே எடுத்துவிட்டார். அதற்கு மேல் ஒரு மருமகள் என்ன கேட்க முடியும்?

"நல்லா இருக்கு அத்தை" என்றேன். "இன்னைக்குத்தான் தோல் உரிக்குது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெந்நீரைக் குடிக்கவில்லை.

பாம்பு எங்கே என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். முற்றத்தில், மல்பெரி மரத்தடியில், பனிக்குள் இருக்கிறது. கரண்ட் போன மறுநாளே செத்துவிட்டது. ராஜப் ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு வந்தபோதே மெத்தைகளுக்குள் பெட்டி காலி. அத்தையிடம் அன்றே சொல்லியிருப்பேன் ஐயா. ஆனால் ஹீட்டரைப் பாம்புக்கு வை என்றுதான் தில்ஷோத் சொன்னாரே தவிர, பாம்பு செத்தால் யாருக்கு வைப்பது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.